பூட்டை உடைத்த மாதம்மா

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பேக்கிங் பிரிவு மாதம்மா அக்கா இறந்துவிட்டார். சிறுநீரகம் கெட்டு இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தவர். மதியத்துக்குள் கம்பெனி வாசலில் பேனர் வைத்துவிட்டார்கள்: ‘எங்கள் குடும்பத்தின் இதயம்.’ பதினொரு வருடம் அவரை ஒப்பந்தத் தொழிலாளியாகவே வைத்திருந்த குடும்பம்!

சில வருடங்களுக்கு முன் நம் ஷிப்ட் முருகேசன் மாரடைப்பில் விழுந்த அன்று உங்களில் பலர் சூளகிரி பஸ் நிறுத்தத்தில் இருந்தீர்கள். நின்ற இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிக்க வைக்கும் கருவி, கூப்பிடு தூரத்தில், நம் கம்பெனியின் வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. அக்கா ஓடினார்.

“கம்பெனி சொத்தும்மா. கேட்டுக்கு வெளிய தர முடியாது. மேனேஜர் லெட்டர் வேணும்” என்றார் காவலாளி.

நாங்கள் கையால் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முருகேசன் போய்விட்டார்.

மறுவாரமே, நிறுத்தத்தில் ஒரு கருவி வைக்க அக்கா வசூலுக்குக் கிளம்பினார். லாரிக்காரர்களிடம் கன்னடத்தில், தக்காளி வியாபாரிகளிடம் தெலுங்கில், நம்மிடம் தமிழில். கேட்டார் என்பதைவிடத் திட்டினார் என்பதே சரி. “செத்தா மாலை வாங்க மட்டும் கை நீளுதில்ல? இப்பக் குடு.” திட்டு வாங்கிய பிறகுதான் நானும் கொடுத்தேன்.

கருவி வந்தது. திருட்டுப் போய்விடும் என்று ஊராட்சிக்காரர் ஒருவர் பெட்டியைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போனார். அக்கா கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார். “பூட்டின பெட்டியும் காலிப் பெட்டியும் ஒண்ணுதான்யா. திருடன் எடுத்துக்கினு போனா இன்னொண்ணு வாங்கலாம். உசுர எங்க போயி வாங்குவ?” ஊராட்சிக்காரர் புகார் கொடுக்க, அந்தப் பூட்டுக்காக மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார்; மூன்று நாள் சம்பளமும் போயிற்று.

பூட்டில்லாத அந்தப் பெட்டியால்தான், சந்தைக்கு வந்து மயங்கி விழுந்த ஒரு விவசாயி பிழைத்தார். கருவி தானே பேசி வழி சொல்ல, டீக்கடைக்காரர் அதன்படி செய்தார். பாராட்டு விழாவில் பொன்னாடை ஊராட்சிக்காரருக்குப் போனது. அக்காவுக்கு அன்று விடுப்பே கிடைக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் மேனேஜரிடம் கேட்டேன்: “வரவேற்பறைல இருக்கறத இனிமேலாவது வெளிய தருவீங்களா சார்?”

“இது அதுக்கான நேரமா?” என்றார்.

அக்காவின் கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமைதோறும் நிறுத்தத்துக்குப் போய்க் கருவியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். பேட்டரி மாற்றும் காலம் நெருங்குகிறது, வசூலைத் தொடங்கிவிட்டேன். கொடுக்காதவர்களின் பெயரை ஷிப்ட் பஸ்ஸில் உரக்கப் படிப்பேன்.