மரை இறங்காத மடு

"…எறும்பு ஒளியக்கூட எடம் வைக்காம வழிச்சு எடுத்திருக்கீங்களே, இதுல மரை எங்கிட்டு வந்து நிக்கும்? காலைப் பெரட்டுக்கு ஆள் நிக்கிற மாதிரி வரிசையில வந்து நிக்குமா?" என்றாள் என் தங்கை.

எங்கள் தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அந்த மடு இருக்கிறது. அவள் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு ஏறி வந்தபோது, கூடாரத்தில் தங்கியிருந்த கொழும்பு ஆட்கள் மூவரும் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் புருசன், என் மச்சான், அணைந்த அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை அவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் பறக்க வேண்டும். அதைத் தடுக்க மச்சானுக்குக் கிடைத்த ஒரே பிடி இந்த மடுதான். மரை மான் இறங்கித் தண்ணீர் குடிப்பதைக் காட்டினால் கிழமைக்கு ஒரு கூட்டம் அனுப்புவதாக, நுவரெலியாவில் கூடாரம் வாடகைக்கு விடும் முதலாளி மாத்தையா ஒருவர் சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் போகவே மாட்டேன் என்றாள் தங்கை. பயணத்துக்கென்று வாங்கிய பெரிய பையையும் பாத்திரம் தூக்க அவளேதான் கொடுத்தாள். "சேறு பட்டாப் பட்டுட்டுப் போகுது. பை காட்டோட நின்னா நானும் ஊட்டோட நின்னுருவேன்" என்று சிரித்தாள். அவள் சொல்வதையெல்லாம் மனதில் முடிந்துவைக்கிற பழக்கம் எனக்கு.

நாங்கள் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. கூடாரம் அடிப்பதற்கு முன், மச்சானும் நானும் சுரண்டியை எடுத்துக்கொண்டு மடுவைச் சுற்றிப் புல், கோரை, புதர் எல்லாவற்றையும் வேரோடு செதுக்கித் தள்ளினோம். வருசக்கணக்கில் மலையில் புல்லு வெட்டிய கைகள். ஒரு வேர் மிஞ்சினாலும் கங்காணி வாயில் விழ வேண்டும் என்ற பயம் இன்னும் எங்கள் முதுகிலேயே இருக்கிறது. முடித்தபோது செம்மண் கழுவின தட்டுப்போல இருந்தது. "தொரை பங்களா வாசல் தோத்துச்சு மச்சான்" என்று நான்தான் பெருமையடித்தேன்.

மாத்தையா அனுப்பிய அந்த மூவரும் இரண்டு மாலையும் கேமராவோடு காத்திருந்தார்கள். மூடுபனிதான் இறங்கியது. ஒரே ஒரு தடவை காட்டுக்குள் கிளை முறிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். வந்த கால் திரும்பிப் போகிற சத்தம்தான் கேட்டது. போகும்போது அவர்களில் மூத்தவர் மச்சானின் கையைப் பிடித்து, இடம் மிகவும் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். கொஞ்ச நேரத்தில் மாத்தையாவின் போன் வந்தது. இனி ஆள் அனுப்ப மாட்டாராம்.

"அந்தப் புதருக்குள்ள நின்னு, மூக்க நீட்டி மோந்து பாத்துட்டுத்தான் அது எறங்கும். மேல் மலையில கொழுந்து எடுக்கையில எத்தன தடவ பாத்திருக்கேன்" என்றாள் தங்கை.

"நீ சொல்லலியே?" என்றார் மச்சான்.

"நீங்க கேட்டீங்களா? ஊட்டுல வெளக்குமாறத் தொடாத மனுசன் காட்டக் கூட்டப் போவாருன்னு நா கண்டேனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சானைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"மழ பேஞ்சா மொளச்சிரும் புள்ள. ஒரு மூணு மாசம். அவருக்கிட்ட மறுபடி கேட்டுப் பாக்குறேன்" என்றார், அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டே.

"மூணு மாசத்துல நா அங்க யாரு ஊட்டுத் தரையத் தொடச்சுக்கிட்டு இருக்கேனோ."



அவள் ரொட்டியைப் பிய்த்து எங்கள் இருவர் கையிலும் வைத்தாள். கூடாரத்துக்குள் போய்ப் பையை இழுத்து வந்து, சட்டி, கரண்டி, தேத்தண்ணிக் கேத்தல் என்று ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் வைத்தாள். காலிப் பையை மடுவில் முக்கி, சேறு போகும்வரை தேய்த்துக் கழுவினாள். பிறகு அதைக் காயப்போட ஒரு புதரைத் தேடிச் சுற்றிலும் பார்த்தாள். ஒன்றுமில்லை. கூடாரத்துக் கயிற்றில் போட்டாள்.