பின்சீட்டு வெர்லன்

ஹாலிஸ் விஸ்னன்ட் தன் தங்கை நெட்ராவை வெர்லன் டிட்மோருக்குக் கட்டிக்கொடுத்த கையோடு, தன் மீன்பிடிப் படகின் பின்சீட்டையும் கொடுத்தான். நெட்ராவோடு வெர்லன் போடும் சண்டை ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடிப்பதற்குள் தீர்ந்துவிடும். பின்சீட்டோடு போட்ட சண்டை இருபது வருஷத்துக்கு மேல் நீடித்தது. அது அவன் மனசுக்குள்ளேயே நடந்ததால் ஹாலிஸுக்குத் தெரியவில்லை.

பின்சீட்டில் அப்படி என்ன குறை என்று கேட்கிறவர் பாஸ் மீன் பிடித்ததில்லை என்று அர்த்தம். பாஸ் நடுத்தண்ணீரில் சும்மா திரிகிற ஜாதி இல்லை. முங்கிய கட்டை, படித்துறைத் தூண், பாசித் திட்டு என்று எதன் நிழலிலாவது ஒட்டிக்கொண்டு, வாய்க்கு நேரே வருவதை விழுங்கும். அதனால் கரையோரமாகப் படகை நகர்த்தி, கட்டைக்கு ஒரு வீச்சு என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். படகுக்காரன் முன்முனையில் நிற்பான். அவன் காலடியில் ஒரு பெடல் இருக்கும். அதை மிதித்தால் முனையில் தொங்கும் சின்ன பேட்டரி மோட்டார் சத்தமில்லாமல் படகை இழுக்கும், திருப்பும். முதல் வீச்சு அவனுக்கு. அவன் போட்டு அலசிய இடம்தான் பின்சீட்டுக்காரனுக்கு வந்து சேரும். எச்சில் தண்ணீர் என்று அதற்குப் பெயர். படகு யாருடையதோ முனை அவனுடையது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அலபாமாவில் எங்கள் ஏரியில் இதை மீறியவனையும் நான் பார்த்ததில்லை.

ஹாலிஸ் கெட்டவன் இல்லை. நெட்ராவுக்கு ஆபரேஷன் ஆனபோது வாராவாரம் வந்து இவர்கள் வீட்டுப் புல்லை வெட்டிவிட்டு, ஒரு டம்ளர் இனிப்பு டீயோடு போய்விடுவான். வாய்தான் கொஞ்சம் நீளம். வெர்லன் அதற்கு நேர்மாறு. கோழி ஃபாக்டரியில் குளிர் அறை மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாளெல்லாம் இரைச்சலில் நிற்பவனுக்குப் பேச்சு குறைந்துபோனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அவன் கை சும்மா இருக்காது. படகு ஹாலிஸுடையது, பராமரிப்பு வெர்லனுடையது என்று தானாகவே ஆகிவிட்டது. பின்னால் இருக்கும் பெரிய மோட்டாரின் விசிறியைக் கழற்றிப் பார்த்தால் தண்டில் அறுந்த தூண்டில் நரம்பு சீப்பில் முடி சுற்றியதுபோலச் சுற்றியிருக்கும். அதை எடுக்காமல் விட்டால், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்துவிடும். சீல் போனால் கியர் ஆயிலில் தண்ணீர் இறங்கி, ஆயில் பால் விட்ட காபி நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் கியர் போச்சு. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, டிரெய்லர் சக்கரத்துக்கு கிரீஸ் வைப்பது எல்லாம் வெர்லன்தான். படகின் பின்புறம் அடியில் ஒரு துளை உண்டு. கரையேற்றியதும் அதை அடைத்திருக்கும் தக்கையைக் கழற்றினால் உள்ளே சேர்ந்த தண்ணீர் வடிந்துபோகும், மறுபடி இறக்குமுன் முறுக்கிவிட வேண்டும். அதையும் வெர்லன்தான் செய்தான். கழற்றிய தக்கையைத் தன் தூண்டில் பெட்டியில் போட்டுக்கொள்வான். அப்படி ஒரு துளை இருப்பதே ஹாலிஸுக்கு மறந்துபோயிருக்கும்.

இப்படியே ஓடியிருக்கும். போன குளிர்காலத்தில்தான் ஹாலிஸ் படகை ஓட்டுவது கெட்டுப்போனது. படித்துறைத் தூணில் முட்டினான். கட்டையைத் தாண்டி ஓடி, வெர்லன் வீச இருந்த இடத்தையும் மோட்டாரால் கலக்கினான். கேட்டால், காற்று என்றான். காற்றில்லாத நாளில், நீரோட்டம் என்றான். மச்சானுக்குக் கொழுப்பு கூடிவிட்டது என்று வெர்லன் முடிவு கட்டினான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, ஹாலிஸ் அலசி முடித்த ஒரு தூணில், வெர்லனின் ரப்பர் புழுவை ஒரு பெட்டை மீன் கவ்வியது. முட்டை கொண்ட பெட்டை. அந்த எடையை அவன் கை அதுவரை அறிந்ததில்லை. மீன் படகைப் பார்த்து ஓடி வந்தது. படகை வெளியே இழு என்று வெர்லன் கத்தினான். ஹாலிஸ் பெடலை மிதித்தான், படகு நேரே நரம்பின் மேல் ஏறியது. முன்மோட்டாரின் விசிறி நரம்பை அறுத்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

“அதுக்கு ஆயுசு கெட்டி மாப்ள” என்று ஹாலிஸ் சிரித்தான்.

பிடித்தாலும் தண்ணீரில் விட்டுவிடப்போகிற மீன்தான். எங்கள் பக்கம் அவ்வளவு பெரிய பாஸை யாரும் சட்டிக்கு அனுப்புவதில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் விசிறியில் சுற்றியிருந்த தன் நரம்பைத் தானே உட்கார்ந்து பிரித்து எடுத்தபோது வெர்லனுக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயசில் ஒரு மீனுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் அவன் ஒரு கயாக் வாங்கினான். ஒரே ஆள் உட்காரும் பச்சை நிறப் படகு. துடுப்புதான், மோட்டார் கிடையாது. ஹாலிஸிடம் முதுகு வலி என்று சொல்லி அனுப்பினான். முதுகு வலிக்காரன் துடுப்புப் போடுவானா என்று ஊரே கேட்டது. நெட்ரா கயாக்கைச் சுற்றி ஒரு சுற்று வந்து பார்த்தாள்.

“எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்ல. மாமியார் கூட ஒத்துவராத மருமக மாதிரி தனிக்குடித்தனம் போறியா?” என்றாள்.

ஹாலிஸ் கடைவாசலில் பார்த்தபோது, அந்த பிளாஸ்டிக் தொட்டியில் குளிக்கப்போகிறானா மீன் பிடிக்கப்போகிறானா என்று நாலு பேர் முன்னால் கேட்டான். வெர்லன் சிரித்து வைத்தான். மனசுக்குள் சிரிக்கவில்லை.

தனிக்குடித்தனம் சுகமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஒவ்வொரு கட்டையும் யாரும் தொடாமல் காத்திருந்தது. நினைத்த இடத்தில் நிற்கலாம், பிடித்த மூலையை மறுபடி பார்க்கலாம். ஹாலிஸ் எப்போதும் வேகமாகக் கடந்துபோகும் ஆழமில்லாத பாசித் திட்டுகளில்தான் நல்ல மீன் இருக்கிறது என்று இரண்டே சனிக்கிழமைகளில் கண்டுகொண்டான். நல்ல மீன் கையில் வரும்போதெல்லாம் காட்ட ஆள் இல்லாமல் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தான் என்பதும் உண்மை.

ஏப்ரலில், ஏரித் தண்ணீர் இன்னும் கையைக் கடிக்கும் குளிரோடு இருந்த ஒரு காலையில், ஓடை ஏரியில் சேரும் இடத்தில் அவன் வீசிக்கொண்டிருந்தபோது பழகிய மோட்டார் சத்தம் கேட்டது. ஹாலிஸ் தனியாக வந்துகொண்டிருந்தான். சத்தம் சரியில்லை. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் முக்குவதுபோல இருந்தது. பின்புறம் தாழ்ந்திருந்தது, முனை வானத்தைப் பார்த்தது. பிறகு மோட்டார் நின்றுவிட்டது.

தக்கை. வெர்லனுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அந்தத் தக்கை இப்போது தன் முழங்காலுக்குப் பக்கத்தில், தன் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

வேகவேகமாகத் துடுப்பைப் போட்டுக்கொண்டு போனான். ஹாலிஸ் பின்பக்கம், மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்து இழுத்து மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தான். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். குளிர்பானப் பெட்டி மிதந்து வந்து அவன் முழங்காலில் முட்டியது. அவன் அதைக் கையால் தள்ளிவிட்டுக் கயிற்றை மறுபடி இழுத்தான்.

“மச்சான், கால பாரு.”

ஹாலிஸ் குனிந்து பார்த்தான். பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறியது. அந்தக் குளிர் தண்ணீரில் ஷூவோடு எவ்வளவு நேரமாகக் கால் ஊறிக்கொண்டிருக்கிறதோ, அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெர்லன் கயாக்கைக் கட்டிவிட்டுப் படகில் ஏறி, தோள்வரை கையை விட்டுத் துளையைத் தடவித் தக்கையை முறுக்கினான். குளிரில் விரல் மரத்துப்போனது. அப்புறம் இருவரும் காபி டப்பாவாலும் குளிர்பானப் பெட்டியாலும் தண்ணீரை இறைத்தார்கள். முக்கால்வாசி இறைத்த பிறகுதான் கால் மரத்தது எப்போதிலிருந்து என்று வெர்லன் கேட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்தே, என்றான் ஹாலிஸ். சர்க்கரை. டாக்டர் சொல்லிவிட்டார், காலில் உணர்ச்சி திரும்பாது என்று. பெடல் எங்கே, கால் எங்கே என்று குனிந்து பார்த்துத்தான் மிதிக்கிறானாம். நிமிர்ந்து வீசினால் கால் எங்கே போனது என்று தெரியாதாம்.

தூணில் முட்டியது, கட்டையைத் தாண்டியது, நரம்பின் மேல் ஏறியது எல்லாம் வெர்லன் மனசில் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தன.

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னா பெடல உன்கிட்ட குடுக்கணும் மாப்ள” என்றான் ஹாலிஸ். “பெடலக் குடுத்துட்டு நான் எங்க போறது? பின்சீட்டுல உக்காருறதுக்கு வீட்டுலயே கெடக்கலாம்னு நெனச்சேன்.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் வெர்லன் சும்மா விட்டிருக்க மாட்டான். இருபது வருஷத்துக்கு மேல் தான் உட்கார்ந்த இடத்தைப் பற்றி இப்படி ஒரு பேச்சா. வந்தது கோபம்தான். ஆனால் எதிரில் ஈர ஷூவோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அது நிலைக்கவில்லை.

வீட்டில் நெட்ராவிடம் சொன்னான். அவள் அண்ணனுக்காக அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி அவன் தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றாள். ஏரியை விட்டுவிட்டால் அவன் பிழைக்க மாட்டான் என்றும் அவளே சொன்னாள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது வெர்லன் ஒருவன்தான். கயாக்கின் பக்கம் அவன் பார்வை போனதை அவள் பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

சனிக்கிழமை ஹாலிஸின் படகை வெர்லன் இறக்கினான். ஹாலிஸ் கைத்தடியோடு வந்து, நேரே பின்சீட்டில் உட்கார்ந்தான். வெர்லன் முனையில் நின்று பெடலை மிதித்தான்.

முதல் கட்டையிலேயே மீன். அடுத்ததில் ஒன்று. மூன்றாவதாக வந்த தூணில் அடித்துவிட்டுத் தப்பியதை மறுபடி போட்டுப் பிடித்தான். பாசித் திட்டுப் பக்கம் படகைத் திருப்பி, ஓரம் முழுக்க வீசிக்கொண்டே போனான். அவ்வளவு சந்தோஷமாக அவன் அந்தப் படகில் இருந்ததே இல்லை. இன்னொரு மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிமிர்ந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு ரப்பர் புழு விழும் சத்தம் கேட்டது. திரும்பினான். ஹாலிஸ் நடுத்தண்ணீரைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தான். அங்கே கட்டையும் இல்லை, பாசியும் இல்லை. வெர்லன் அலசி முடித்த இடத்தில் அவனுக்கு வீச ஒன்றும் மிச்சமில்லை. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் வயிற்றுவலியும் என்பார்கள். வெர்லனுக்கு வந்தது வலி இல்லை, சுகம். ஹாலிஸ் ஏன் திரும்பிப் பார்த்ததில்லை என்பது அதிலும் தெரிந்தது.

அவன் படகை முழுசாகத் திருப்பி, மோட்டாரைப் பின்னோக்கி ஓடவிட்டான். படகின் பின்புறம் முன்னால் போயிற்று. படித்துறை வரிசை இப்போது முதலில் ஹாலிஸுக்கு வரும். பக்கத்தில் போன படகிலிருந்து யாரோ, தலைகீழாகப் போகிறீர்களே என்று கத்திச் சிரித்தார்கள்.

“என்ன பண்ற?” என்றான் ஹாலிஸ்.

“நீ போடு மச்சான்.”

ஹாலிஸ் போடவில்லை. ஒரு தூண் அருகில் வந்து, கடந்து போனது. தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்தான்.

“நீ இங்க உக்காந்திருந்தப்ப, நான் ஒரு தடவையாவது இப்படித் திருப்பினேனா?”

வெர்லனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “இல்ல.”

“தோணவே இல்ல மாப்ள. சத்தியமாத் தோணல.”

வருஷக்கணக்காக வெர்லன் கட்டி வைத்திருந்த வழக்கு அது. சாட்சிகள், தேதிகள் எல்லாம் மனசில் தயாராக இருந்தன. அதற்கெல்லாம் இனி வேலை இல்லை.

“எனக்கும்தான் இவ்வளவு நேரமாத் தோணல” என்றான்.

அடுத்த தூண் வந்தது. ஹாலிஸ் வீசினான்.