அவர் மூச்சு வாங்கிய இடங்கள்

நான் எழுதுகிற எதையும் என் வீட்டுக்காரர் ஒரு தடவை வாய்விட்டு வாசிக்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை. கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம் இது. அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பெரம்பலூரில் கிளம்பி, குன்னம் சுற்றிக்கொண்டு அரியலூர் வருகிற வண்டி. ஒரு நாள் டூட்டி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாள் சாயங்காலம் காப்பி குடித்து முடித்ததும் தாள்களைக் கொண்டுபோய் அவர் மடியில் போடுவேன். அவர் வாசிப்பார். எதிரே நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். அவர் எங்கே நின்று மூச்சு வாங்குகிறாரோ அந்த இடத்தில் கோடு போடுவேன். பிறகு வாக்கியத்தை அங்கே உடைத்துச் சின்னதாக்குவேன்.

இப்படி ஒரு முறை கையில் இருக்கிறது என்று எனக்கு ரொம்பக் கர்வம். இலக்கியக் கூட்டங்களில் நடை, ஓசை, லயம் என்று ஆளுக்கு ஆள் அளக்கும்போது எனக்குச் சிரிப்பாக வரும். வீட்டில் ஒரு ஆளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லாமல், மேடையில் நின்று லயம் பேசி என்ன பிரயோசனம்?

நான் குன்னம் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவள். பகல் முழுக்க ‘மேற்படி மனுதாரர் சமர்ப்பித்த மனுவின் பேரில் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை பெறப்பட்டு’ என்று தொடங்கி முற்றுப்புள்ளியே கண்ணில் படாத வாக்கியங்களை எழுதிக்கொண்டிருப்பேன். அவற்றை யாரும் வாய்விட்டு வாசிப்பதில்லை. வாசித்தால் மயக்கம் போட்டு விழ வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்தால் அந்த ஆபீஸ் நடை என் கையைப் பிடித்துக்கொண்டு விடாது. அதை விரட்டுவதற்குத்தான் எனக்கு அவர் குரல் வேண்டியிருந்தது.

குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இந்தக் கோடியில் நின்று “பெரம்பலூர், குன்னம், பெரம்பலூர்” என்று அவர் கூவினால் அந்தக் கோடி டீக்கடையில் இருக்கிறவன் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவான். வாசிக்கும்போது மட்டும் அடக்கி வாசிப்பார். ஏற்ற இறக்கம் கிடையாது, உணர்ச்சி கிடையாது. செத்தவனும் பிழைத்தவனும் அவர் வாயில் ஒன்றுதான். அதுதான் எனக்கு வசதி. உணர்ச்சியோடு வாசிக்கிற ஆள் கெட்ட வாக்கியத்தையும் எப்படியாவது கரை சேர்த்துவிடுவான். இவர் சேர்க்க மாட்டார். வாக்கியம் நொண்டினால் அவர் வாயில் அப்படியே நொண்டும்.

ஜெயங்கொண்டத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கவிஞர் ஒருவர் எனக்குப் பழக்கம். என்னைவிட வயதில் சின்னவர். கவிதை எழுதும்போது பக்கத்தில் இருக்கிற அண்டாவையோ குடத்தையோ விரலால் தட்டித் தட்டித்தான் எழுதுவார். வாங்க வந்தவர்கள், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் ஓயாத சண்டை.

“அக்கா, கவிதையில சீர் இருக்கு, அசை இருக்கு. தட்டிப் பாத்துடலாம். உங்க கதையில தட்டுறதுக்கு என்னா இருக்கு?” என்பார்.

“ஒண்ணும் வேண்டாம். மூச்சு இருந்தாப் போதும்.”

“மூச்சு ஆளுக்கு ஆள் மாறுமேக்கா.”

“எங்க வூட்டுல மாறாது,” என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாவது நாவல் அச்சாகி வந்தபோது அரியலூரில் ஒரு சின்ன மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளம் ஊரை நோக்கி வந்துகொண்டே இருப்பதும், கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றுவதும்தான் கதை. பேசிய எல்லோரும் பள்ளத்தை விட்டுவிட்டு என் வாக்கியங்களைப் பற்றியே பேசினார்கள். முதல் புத்தகத்தில் நீளமாக நடந்த நடை இதில் துண்டு துண்டாக ஆகிவிட்டது என்றார் ஒருவர். ஏதோ நடக்கப்போகிறது என்று பயமுறுத்திக்கொண்டே இருக்கிறது என்றார் இன்னொருவர். பாத்திரக்கடைக் கவிஞர் மைக்கைப் பிடித்து, “பத்துப் பக்கம் படிச்சதும் எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டேங்க. நெஞ்ச அடைக்குது. இந்த மாதிரி ஒரு நடைய இவங்க எங்கேருந்து புடிச்சாங்கன்னு தெரியல,” என்றார்.

எனக்கும் தெரியவில்லை. வாக்கியத்தைச் சின்னதாக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் திட்டம் போட்டதில்லை. ஆனால் புகழ்ச்சி வருகிறபோது யார் வேண்டாம் என்பார்கள்? பல வருஷம் யோசித்துச் செய்தது போல முகத்தை வைத்துக்கொண்டு, பயத்தைச் சொல்வதற்கு நீள வாக்கியம் உதவாது என்று ஏற்புரையில் அளந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மண்டபத்துக்குள் வரவே இல்லை. காற்றாக இருக்கிறது என்று வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் முடிந்து இறங்கி வந்தபோது அவர் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்திருந்தார். செருப்பு வார் அறுந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

அதற்குச் சில மாதம் கழித்து முதல் நாவலை மறுபதிப்புப் போடுவதாகச் சொல்லி, பிழை பார்க்கத் தாள்கள் அனுப்பினார்கள். அந்த நாவலின் தொடக்கம் அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். வேப்பந்தட்டைப் பக்கம் என் பிறந்த ஊரில், எங்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறி, வாய்க்காலில் விழுந்து, வெங்காயப் பாத்தி பாத்தியாகப் பாய்ந்து, கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் முற்றுப்புள்ளி கிடையாது. எழுதிய புதிதில் அவர் அதை ஒரே தம்மில் வாசித்தார். காற்புள்ளிகளை லேசாகத் தொட்டுவிட்டுத் தாண்டிப் போனார். முடித்ததும், “தண்ணி பாஞ்சு முடிஞ்சிருச்சு. மடையக் கட்டிட்டுக் காப்பி போடு,” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் நான் கோடே போடவில்லை. அப்படியே அச்சுக்குப் போயிற்று.

இப்போது மறுபடி அதே வாக்கியத்தை வாசித்தார். தண்ணீர் வாய்க்காலில் விழுவதற்குள் நின்றார். பழக்க தோஷத்தில் என் கை கோடு போட்டது. மறுபடி தொடங்கி, முதல் பாத்தியில் நின்றார். கோடு போட்டேன். அடுத்த பாத்தியில் நின்றார். அதற்கும் போட்டேன். அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு போட்டு முடித்ததும் திரும்ப ஆரம்பித்தார். இன்னொரு முறை பேனாவைத் தூக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த வாக்கியத்தை எதற்கு உடைக்கிறேன்? இது அச்சாகி எத்தனையோ பேர் படித்த வாக்கியம். இதே மனுஷர் இதே வாயால் ஒரே மூச்சில் வாசித்த வாக்கியம். அதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் காகிதத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. ஒரு கை நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது. உதட்டில் நிறமே சரியில்லை. “போதுங்க, மீதிய நானே பாத்துக்கிறேன்,” என்று தாள்களை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அவர் டூட்டிக்குப் போனதும் நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு என் மூன்று புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு அங்கங்கே புரட்டி வாய்விட்டு வாசித்தேன். முதல் புத்தகம் சிரமமில்லாமல் போயிற்று. இரண்டாவதில் பாதிக்கு மேல் வாக்கியங்கள் குறைய ஆரம்பித்தன. எந்த அத்தியாயத்தில் என்றுகூட என்னால் சொல்ல முடியும். மூன்றாவதில் நாலு வார்த்தை, ஐந்து வார்த்தை. பேசுகிறவர்கள் எல்லாம் பாதியில் நிறுத்துகிறார்கள். கிணற்றடியில் கிழவி ஒருத்தி தன் மகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலேயே போகிறாள். மண்டபத்தில் எல்லோரும் கை தட்டிய பக்கம் அது. அவர் வாசித்தபோது அதில் எத்தனை கோடு போட்டேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. படிக்கிறவனுக்கு நெஞ்சை அடைக்காமல் என்ன செய்யும்?

வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அவர் வண்டி மத்தியானம் அரியலூரிலிருந்து திரும்புகிற நேரத்துக்குப் போய் ஏறினேன். எங்கள் நேரம் ஒத்துவராது என்பதால் அவர் பஸ்ஸில் நான் ஏறிப் பல வருஷமாகிவிட்டது. அவர் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, என்ன என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி ஒவ்வொரு ஊராக நின்று போயிற்று. எதிரே கல் லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்று தாண்டும்போதும் ஜன்னல் வழியாக வெள்ளையாகப் புழுதி உள்ளே வந்தது. ரொம்ப நேரம் ஏதோ ஒன்று குறைகிறதே என்று குழம்பிக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. விசில் சத்தமே இல்லை. அவர் கழுத்தில் விசில் தொங்குகிறது. ஆனால் நிற்பதற்கும் எடுப்பதற்கும் கையால் பக்கத்துத் தகரத்தில் தட்டுகிறார்.

“விசில் என்னாச்சுண்ணே?” என்று டிரைவரிடம் கேட்டேன்.

“அது நின்னு ரொம்ப நாளாச்சுங்களே. தட்டுனா எனக்குப் புரிஞ்சிரும். ஓட்டிக்கிறோம்,” என்றவர், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதுங்களா?”

பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. அதிலும் ஓய்வு நாள் தவறாமல் எதிரே உட்கார்ந்து அவர் மூச்சைக் காது கொடுத்துக் கேட்ட பெண்டாட்டிக்கு. வாக்கியத்தில் ஒரு அசை பிசகினால் கண்டுபிடிக்கிறேன் என்று பீற்றிக்கொண்ட காது இது. அவமானமும் பயமும் சேர்ந்து வந்தன. பயம்தான் அதிகம்.

அன்று சாயங்காலமே திருச்சிக்கு டாக்டரிடம் போகலாம் என்றேன். “இப்ப என்னா திடீர்னு?” என்று கேட்டார். உண்மையிலேயே விளங்காதது போலத்தான் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. திடீரென்றா, உங்கள் உடம்பு உங்களுக்குத் தெரியாதா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “சரி, போவோம். நீ சொன்னாப் போதாதா?” என்றார்.

அங்கே விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள். ஊதச் சொன்னார்கள். படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து டாக்டர் எங்களை எதிரே உட்கார வைத்துப் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். வயதானவர், மெதுவாகப் பேசினார். “ரெண்டு நுரையீரலும் அடியிலேருந்து கெட்டியாகிட்டு வந்திருக்கு. கெட்டியான எடம் திரும்ப எளகாது. மிச்சம் இருக்கிறத எவ்வளவு நாள் காப்பாத்தலாம்னுதான் இனிமே பாக்கணும். ஆரம்பத்துலயே வந்திருந்தா நெறைய மிச்சம் இருந்திருக்கும்,” என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு அவரைக் கேட்டார். “எத்தன வருஷமா மூச்சு வாங்குது?”

கொஞ்ச நாளாகத்தான் என்று மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி அவர் சொன்னால் இரண்டாவது புத்தகத்திலிருந்து கணக்கை நான் சொல்வதாக இருந்தேன். அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

“அது இவளுக்குத்தாங்க நல்லாத் தெரியும். நான் வாயத் தொறந்து ஒரு நாளும் சொன்னதில்ல. அவளாவே கண்டுபுடிச்சிட்டா. இவ கதை எழுதுறவ சார். நாந்தான் படிச்சுக் காட்டுவேன்.” கொஞ்சம் நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டார். “எனக்கு எங்கெங்க முட்டுதோ அங்கெல்லாம் கோடு போட்டு எழுத்தக் கொறச்சுக்கிட்டே வந்தா. ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா நான் சங்கடப்படுவேன்னு. எனக்காக எழுதுற விதத்தையே மாத்திக்கிட்டா சார். வேற யாரு செய்வா?”

எந்தக் கூட்டத்திலும் என்னைப் பற்றி ஒருவரும் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எனக்கு எதுவும் தெரியாது, நான் என் வாக்கியத்தைத்தான் பார்த்தேன், உங்களைப் பார்க்கவில்லை என்று. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இவ்வளவு வருஷமாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுமா கூட்டிட்டு வரல? என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

“எழுதிட்டிருந்தேன் சார்,” என்றேன்.