உழாமல் விட்ட வட்டம்

போன வாரம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் வேப்பமரத்தில் ஒரு பிளக்ஸ் அட்டையை மாட்டியிருந்தார்கள். உயிர்களிடம் அன்பாக இருப்பதற்குப் பத்து வழிகள் என்று தலைப்பு. மாடியில் குருவிக்குத் தண்ணீர் வையுங்கள், மரங்களைக் காப்பாற்றுங்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தது. அந்த அட்டை விழாமல் இருக்க மரத்தில் ஆறு ஆணி அடித்திருந்தார்கள். மூன்றங்குல ஆணி. ஒவ்வொன்றைச் சுற்றியும் பிசின் வடிந்து காய்ந்து கிடந்தது.

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும். வயது ஏறினால் குறையும் என்றார்கள், குறையவில்லை. நேராக என் கடைக்குப் போய்க் குறட்டை எடுத்துவந்து ஆறு ஆணியையும் பிடுங்கினேன். டீக்கடையில் இருந்தவர்கள் ஏதோ கட்சித் தட்டியைக் கழற்றுகிறேன் என்று நினைத்து, சண்டை வரும் என்று டம்ளரோடு எழுந்து வந்துவிட்டார்கள். சண்டை வரவில்லை. அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கையை முகர்ந்து பார்த்தேன். துரு வாசம், ஈர மரப்பட்டையின் கசப்பு வாசம். இரும்பும் ஈரமும் சேர்ந்தால் எனக்கு உடனே கலப்பை ஞாபகம்தான் வரும். கோடை மழைக்கு மறுநாள் உழுதுவிட்டுக் கலப்பையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினால் இதே மாதிரிதான் நாறும். எனக்கு அது வாசம். என் மனைவிக்கு நாற்றம்.

இப்போது ஆட்டையாம்பட்டிப் பக்கம் டிராக்டர் உதிரி பாகம் விற்கிறேன். இளவயதில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் வாடகைக்கு டிராக்டர் ஓட்டினேன். சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், அத்தனை பேருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேண்டும். ஈரம் ரெண்டு மூன்று நாள்தான் நிற்கும். அந்த மூன்று நாளும் நான் ராஜா. வெள்ளைத் தலைக்காரர்கள்கூட என்னை "வாங்க, போங்க" என்பார்கள். நாலாம் நாள் பழையபடி "ஏண்டா" ஆகிவிடுவேன்.

அப்படி ஒரு மழைக்கு மறுநாள் பாவாயி அக்காவின் காட்டுக்குப் போனேன். மழையை நம்பி விதைக்கும் நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். அக்கா எனக்குச் சொந்தம் இல்லை, ஊர்முறைக்கு அக்கா. ஐம்பது வயது இருக்கும். அவர் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போய்விட்டால் மாதம் ஒரு முறை வருவார். ரெண்டு எருமை, ஒரு பசு, அக்கா ஒருத்தர். காய்ந்த சோளத்தட்டு அடுக்கிய போர் அடிவரைக்கும் வந்துவிட்டது. இந்த ஈரத்தில் சோளம் விதைத்தால்தான் மாட்டுக்குத் தீனி. இல்லையென்றால் எருமையில் ஒன்றை விற்க வேண்டியதுதான் என்று ஊரில் பேச்சு இருந்தது.

அப்போது ஒரு வழக்கம் உண்டு. காட்டை உழுது முடிக்கும்வரை காட்டுக்காரர் வரப்பில் நிற்பார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் நிற்பார். எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. டிரைவர்கள் மூலை முடுக்கை உழாமல் விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு ஓடிவிடுவோம். பொய்யில்லை, நானும் விட்டிருக்கிறேன். அதனால் அக்கா தலையில் முக்காட்டோடு கிழக்கு வரப்பில் நின்றிருந்தார். நான் மூலைகளை ஒழுங்காகத் திருப்பி உழுதுகொண்டிருந்தேன்.

காட்டின் நடுப்பக்கம் வந்தபோது அக்கா கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஏதோ மூலையைச் சொல்ல வருகிறார் என்று எனக்கு எரிச்சல். எஞ்சின் சத்தத்தில் எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்கு முன்னால் பத்தடியில் ஒரு பறவை நின்றிருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். ஆள்காட்டிக் குருவி, எங்கள் வாயில் ஆக்காட்டி. நீண்ட மஞ்சள் கால், கறுத்த தொண்டை, கண்ணோரம் சிவப்புத் தோல். ரெண்டு சிறகையும் விரித்துக்கொண்டு, அலகைத் திறந்து, வண்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"வண்டிய நிறுத்து சாமி. முன்னால பாரு" என்றார் அக்கா.

"பறந்துரும்க்கா. குருவிதான."

"குருவி பறந்துரும். முட்டை பறக்குமா?"

இறங்கினேன். முட்டை எங்கே என்று தேடினேன், தெரியவில்லை. அக்கா விரலை நீட்டிக் காட்டினார், அப்போதும் தெரியவில்லை. இன்னொரு எட்டு வைக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் நாலு முட்டை. மண் நிறம், மேலே கரும்புள்ளி. கூடு என்று ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் பொடிக்கல், நாலைந்து ஆட்டுப் புழுக்கை. முட்டைகளின் கூர்முனை நாலும் உள்ளே பார்த்து, யாரோ அளந்து அடுக்கின மாதிரி இருந்தது.

அதற்கு முன் ஆறு வருடம் டிராக்டர் ஓட்டியிருந்தேன். ஆறு சித்திரை. எத்தனை முட்டை மேல் ஏற்றியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இறங்கிப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

இருந்தாலும் அப்போது வாய் சும்மா இருக்கவில்லை. இதற்காக உழாமல் விட்டால் தட்டுக் குறையும், மாட்டுக்குத் தீனி இல்லாத வருடத்தில் இது தேவையா என்றேன்.

"ரெண்டு கூடை தட்டுக் கொறஞ்சா என்ற எருமை செத்துராது. நீ சுத்தி ஓட்டு" என்றார்.

ஓர் இடம் விடாமல் உழுகிறேனா என்று பார்க்க நின்றவர் அவர். அவரே உழாதே என்கிறார். ஒரு கயிற்றுக் கட்டில் அகலத்துக்கு வட்டம் விட்டு, கலப்பையைத் தூக்கித் தூக்கி இறக்கிச் சுற்றி ஓட்டினேன். நான் எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பறவை அந்தப் பக்கம் திரும்பி நின்றது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு சிறகை மடக்கிக்கொண்டு முட்டைமேல் உட்கார்ந்துவிட்டது. நான் பத்தடியில் போகிறேன். வண்டியும் கலப்பையும் சேர்ந்து ரெண்டு டன்னுக்கு மேல். அதன் எடை ரெண்டு தக்காளி இருக்கும். அது என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. ஓட்டிக்கொண்டிருக்கிற எனக்கு நான் எவ்வளவு பெரிய ஆள் என்று ஒரு நினைப்பு இருந்தது பாருங்கள், அது அந்த இடத்தில் இறங்கியது.

அக்காவின் கொழுந்தனார் ராசப்பன் பக்கத்துக் காட்டுக்காரர். வாயைத் திறந்தால் கேலிதான். வட்டத்தைப் பார்த்துவிட்டு வரப்பிலிருந்தே கேட்டார்: "ஏனுங்கண்ணி, ஆக்காட்டிக்குப் பட்டா எழுதிக் குடுத்தாச்சுங்களா?"

"உங்க காட்டுல வெச்சிருந்தா நீங்களா எழுதிக் குடுத்திருப்பீங்க? அது ஆளு பாத்து வெச்சிருக்குது" என்றார் அக்கா.

ராசப்பன் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் என் அறிவு வேலை செய்தது. மறுநாள் விதையைத் தூவிக் குறுக்கே ஓர் உழவு ஓட்ட வேண்டும். உழுத மண்ணில் அந்த இடம் தெரியாமல் போய்விட்டால்? அதனால் ஆள் உயரத்துக்கு ஒரு குச்சி வெட்டி, வட்டத்தின் ஓரத்தில் நட்டு, என் சிவப்புத் துண்டை அதில் கட்டினேன். லாரியில் கம்பி ஏற்றினால் நுனியில் சிவப்புத் துணி கட்டுவோமே, அந்த நினைப்பு. பெரிய நல்ல காரியம் செய்தவன் மாதிரி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் போனால் என் குச்சியின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. கீழே மூன்று முட்டை. கொஞ்சம் தள்ளி உடைந்த ஓடு. மரம் மட்டை ஒன்றும் இல்லாத நடுக்காட்டில் காக்கைக்கு உட்கார இடம் ஏது? நான்தான் நட்டுக் கொடுத்திருந்தேன். ஆக்காட்டிகள் ரெண்டும் அதைத் துரத்தித் துரத்திக் கத்தின. அக்கா வந்து பார்த்தார், குச்சியைப் பிடுங்கினார், துண்டை என் தோளில் போட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. "போனது போச்சு. இனி ஒண்ணும் நடாத" என்றார். அவ்வளவுதான்.

நான் டயரை ஏற்றிய முட்டைகள் எனக்குத் தெரியாமல் போனவை. இது ஒன்று எனக்குத் தெரியப் போனது. மீதி மூன்றும் பொரிக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது.

விதைக்கும்போது அக்கா இன்னொன்று செய்தார். வட்டத்திலிருந்து மாட்டுத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ரெண்டடி அகலத்துக்கு விதை போடவில்லை. என்னையும் அங்கே ஓட்டக் கூடாது என்றார். ஏன் என்றால், அது நடந்து தண்ணிக்குப் போகிற வழி என்றார். அது எந்த வழியில் நடக்கும் என்றுகூடவா ஒருத்தர் பார்த்துவைத்திருப்பார்? அந்தத் தொட்டிக்குள்ளேயும் ஒரு சொரசொரப்பான கல்லைச் சாய்த்துப் போட்டிருந்தார். அணிலோ ஓணானோ விழுந்தால் ஏறி வருவதற்கு. நான் அதுவரை தொட்டியில் கல் எதற்கு என்று கேட்டதே இல்லை. துணி துவைக்க என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அந்த வழியாக வண்டியைத் திருப்புவேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வந்தேன் என்பேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்த அக்கா கேட்டார்: "உன்ற வண்டிக்கு மட்டும் என்ன சாமி தெனமும் தாகம் எடுக்குது?"

பிறகு பொய் சொல்வதை விட்டுவிட்டு, மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அப்படி ஓர் உச்சி வெயிலில்தான் அதைக் கண்டேன். முட்டைமேல் இருந்த பறவை எழுந்தது. இன்னொன்று வந்து முட்டைக்கு நிழலாக நின்றுகொண்டது. எழுந்த பறவை அந்த ரெண்டடி வழியில் நடந்து தொட்டிக்கு வந்தது. தொட்டி ஓரத்தில் வழிந்து தேங்கிய தண்ணீரில் இறங்கி நின்றது. குடிக்கப் போகிறது என்று பார்த்தேன். குடிக்கவில்லை. வயிற்றைத் தண்ணீரில் அமுக்கி, அசைத்து, நன்றாக நனைத்துக்கொண்டது. சொட்டச் சொட்ட நடந்து திரும்பிப் போய் முட்டைமேல் உட்கார்ந்தது. முட்டை வெந்துவிடாமல் இருக்க, தன் வயிற்று இறகிலேயே தண்ணீர் சுமந்துகொண்டு போகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மறுபடி. கொதிக்கிற அந்த மண்ணில் செருப்பில்லாமல் பத்தடி நடக்க என்னால் முடியாது.

நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு உழ வேண்டிய கிணற்றுப் பாசனத் தோட்டத்துக்காரர் ஆள் அனுப்பித் திட்டினார். திட்டட்டும்.

ஒரு மாதம் ஆகும் சமயத்தில், சோளம் முழங்கால் உயரம் வந்திருந்தபோது, ஒருநாள் காலையில் போனால் வட்டத்தில் ஓடு மட்டும் கிடந்தது. கீரிப்பிள்ளை தின்றுவிட்டது என்றே நினைத்தேன். நாலு எட்டு உள்ளே போனேன். தலைக்கு மேல் ஆக்காட்டி உயிர் போகிற மாதிரிக் கத்தியது.

"அசையாத" என்றார் அக்கா பின்னாலிருந்து. "எடுத்த கால அப்படியே வெச்சுக்க."

ஒற்றைக் காலில் நின்றேன். குனிந்து பார்த்தால் மண்தான் தெரிந்தது. அப்புறம் அந்த மண்ணில் ஒரு கட்டிக்குக் கண் இருந்தது. கறுப்புக் கண், பொட்டு மாதிரி. என் செருப்பு இறங்க வேண்டிய இடத்திலேயே, இன்னும் ஈரம் காயாத ஒரு குஞ்சு தரையோடு தரையாக ஒட்டிப் படுத்திருந்தது. அம்மா கத்தினால் அசையக் கூடாது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? பொரிந்து அரை நாள் ஆகியிருக்காது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வழியோரத்தில் மூன்றாவது. மூன்றும் இருந்தன. நான் நொண்டி மாதிரிப் பின்னாலேயே தத்தித் தத்தி வெளியே வந்தேன். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் மூன்றையும் அந்த வழியிலேயே நடத்திக் கூட்டிக்கொண்டு போயின.

அந்த வருடத்திலிருந்து வண்டியை விற்கும்வரை, எந்தக் காட்டிலும் கலப்பையை இறக்குவதற்கு முன் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுவேன். காட்டைச் சுற்றிக் கும்பிடு போடுகிறான் என்று கேலி செய்வார்கள். சில காடுகளில் வட்டம் விட்டிருக்கிறேன். குச்சி மட்டும் நட்டதில்லை.

அக்கா இப்போது இல்லை. காடு மகன் பேரில் இருக்கிறது. மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறார். போன சித்திரையில் அதே காட்டில் உழுகிற வண்டிக்கு ஒரு போல்ட்டு அவசரமாக வேண்டும் என்று கடைக்குப் போன் வந்தது. காடு எது என்று தெரிந்ததும் நானே எடுத்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்வதற்குள் கம்பி கட்டிச் சமாளித்து உழவை முடித்துவிட்டார்கள். வண்டியின் ரெண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர், பாட்டு அலறிக்கொண்டிருந்தது. டிரைவர் மரியாதையான ஆள். என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினார்.

உழுவதற்கு முன் முட்டை ஏதாவது இருந்ததா, பார்த்தீர்களா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. கோழி முட்டையா என்றார். காட்டுக்காரர் வந்தாரா என்று கேட்டேன்.

"அவரு எதுக்குங்க வாராரு? வீடியோ எடுத்து அனுப்புனாப் போதுமுங்க. காசு போன்லயே வந்துரும்."

அந்த வீடியோவை எனக்கும் காட்டினார். நல்ல வேலைக்காரர். நான் விட்டுவிட்டு ஓடுகிற மூலையைக்கூட அவர் விடவில்லை. வரப்பிலிருந்து வரப்புவரை ஒரே சீராக, ஒரு சாண் இடம் பாக்கியில்லாமல் உழுதிருந்தார். வீடியோ முழுக்கப் பாட்டுச் சத்தம். திரையின் மேல் ஓரத்தில் ரெண்டு பறவைகள் தாழப் பறந்து சுற்றிச் சுற்றி வந்தன. அவற்றின் அலகு திறந்து திறந்து மூடியது. ஒன்றும் கேட்கவில்லை.

கிழக்கு வரப்பு காலியாகக் கிடந்தது.