திருப்பிக் கொடுக்க ஒரு முறம் தவிடு

உலகத்தில் எத்தனையோ முட்டாள்கள் உண்டு. மாட்டுத் தீவனத்தைக் கொடுத்துத் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அப்பா போன பிறகு, நான்கு பிள்ளைகளோடு ஒற்றையாளாய்த் திண்டாடிய அம்மா, கடைக்குட்டியான என்னைத் தன் அக்காவுக்குத் தத்துக் கொடுத்தாள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வழக்கப்படி, திருப்பத்தூர்க் கோயில் வாசலில் பெரியம்மா ஒரு முறம் தவிட்டை அம்மாவின் மடியில் கொட்டினாள். அம்மா என் கையை அவளிடம் பிடித்துக் கொடுத்தாள். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. அன்றே ரயில். இறங்கினால் பெங்களூர், ஒக்கலிபுரம், தண்டவாளத்தை ஒட்டிய வீடு.

பெரியம்மா தினமும் முட்டை தோசை சுட்டுப் போட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நானும் தின்றேன். கொள்கை வேறு, தோசை வேறு.

ஒருநாள் அவள் ஓட்டைக் குடத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்து, சண்டை போட்டுக் காசை வாங்கினாள். எனக்கு ஞானம் பிறந்தது. குடத்தைத் திருப்பலாம் என்றால் என்னை ஏன் திருப்பக்கூடாது? தேவை, ஒரு முறம் தவிடு.

தெருமுனையில் மாடு வைத்திருந்த பால்காரரிடம் போனேன். இந்த ஊரில் அதற்குப் பூசா என்று பெயர்.

"யாக்கோ, எதுக்குடா? உங்க வீட்ல மாடு எங்க இருக்கு?"

"எனக்குத்தாங்க."

அவர் சிரித்துக்கொண்டே பை நிறைய அள்ளிப் போட்டார்.

தீபாவளிக்கு முன் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, முறத்தில் தவிட்டைக் கொட்டி அவள் முன்னே நீட்டினேன்.

"இந்தா. இத பெரியம்மாகிட்ட குடுத்துட்டு என்ன கூட்டிட்டுப் போ."

பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"அவன் கேக்கறதும் நியாயந்தானே. நீ குடுடி, நான் வாங்கிக்கிறேன்."

அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். கடைசிவரை கையை எடுக்கவே இல்லை.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒருத்தி திருப்பிக் கொடுக்கத் தயார், இன்னொருத்தி வாங்கத் தயாரில்லை. அந்த ஓட்டைக் குடத்துக்கு இருந்த மதிப்புகூட எனக்கில்லையா? முறத்தை அப்படியே என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அரிப்பு என்றால் அப்படியொரு அரிப்பு. "மாடே, மாடே" என்று திட்டியபடி பெரியம்மாதான் குளிப்பாட்டினாள். என் தலையைத் துவட்டிய முந்தானையில் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் தெறித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

'ஐயோ பாவம், தவிட்டுக்குப் போன பிள்ளை' என்று இன்றும் உச்சுக்கொட்டும் சொந்தங்களே, அந்த உச்சை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வந்த எதையும் விட்டுக்கொடுக்க ஆளில்லாத உலகத்தில், ஆசைப்பட்டு வாங்கிய பிள்ளையைத் திருப்பித் தர முந்தானை விரித்தவள் வளர்த்த பிள்ளை நான். என்னிடம் என்ன குறை கண்டீர்கள்? மூளையைத் தவிர.

வேலை கிடைத்துத் திருப்பத்தூர் போனபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு அந்த முறத்தை ஏன் தொடவே இல்லை என்று. அவள் நிமிரவில்லை.

"தொட்டிருந்தா உன்ன விட்டுட்டு வந்திருக்க மாட்டேன்."