ஜோதி ஸ்டுடியோவில் சொன்ன பல்லி

வரதராஜன்பேட்டை ஜோதிக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. பல்லிமேல் மட்டும் உண்டு. அவளுடைய ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னாலிருந்து 'டிக் டிக்' என்று கேட்டால் போதும், பேச்சை நிறுத்திவிட்டு விரலால் மேசையைத் தட்டுவாள். "பல்லி சொல்லிருச்சு, நல்லபடியா முடியும்" என்று வந்தவர்களிடம் சிரிப்பாள். அந்த மாதம் பல்லி ஓயாமல் சொன்னது. கம்ப்யூட்டரும் ஒரு படத்தைத் திறப்பதற்குள் ஆற அமர யோசித்தது, சில நேரம் அப்படியே நின்றுபோனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கல்யாண சீசனில் யாருக்குத்தான் தோன்றும்?

அவளுடைய அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். ஜோதி ஜெயங்கொண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் கூட்டிப் பெருக்கப் போய், கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தவள். பொம்பளை படம் எடுத்தால் விளங்குமா என்று கேட்ட அதே வீடுகள் இன்று அவளைத்தான் தேடி வருகின்றன. எடுத்ததெல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தது. கேமரா கார்டை அழித்தால்தானே அடுத்த கல்யாணத்துக்குப் போக முடியும்.

அன்று காலை சம்பூர்ணம் வந்தாள். வைகாசியில் அவள் மகள் கவியாவின் கல்யாணத்தை ஜோதிதான் எடுத்திருந்தாள். ஆல்பம் இன்னும் போடவில்லை. சம்பூர்ணத்தின் கணவர் அய்யாக்கண்ணு, சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர், போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார்.

"கருமாதி அன்னிக்குப் படத்திறப்பு வச்சிருக்கு ஜோதி. படம் புடிக்க செல்போன எடுத்தாலே எந்திரிச்சு ஓடிருவாரு. ஒங்கிட்டதான் அவரு படம் இருக்கு. ஆதார் கார்டுல இருக்குறது அவரே இல்ல."

"ஒக்காருங்கக்கா, இப்பவே எடுத்துடலாம்" என்றாள் ஜோதி. பல்லி சொன்னது. திரை நின்றது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அணைத்துப் போட்டாள். டிஸ்க்கைக் காணோம் என்றது கம்ப்யூட்டர். அவள் குனிந்து காதை வைத்தாள். பல்லி டிஸ்க்குக்குள் இருந்தது. இத்தனை நாளும் 'டிக் டிக்' என்றது அதுதான்.

அரியலூரில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெயசீலனுக்குப் போன் போட்டாள். சத்தத்தைக் கேட்டதுமே அவன் பதறினான்.

"மொதல்ல ஆஃப் பண்ணுங்கக்கா! டிஸ்க்கு சாவப்போவுது. சும்மா சும்மா போட்டுப் பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் உள்ள இன்னும் கெட்டுப்போவும். கொஞ்சம் ஆறட்டும். இன்னொரு தடவ ஓடுனா ஒங்க அதிர்ஷ்டம். எல்லாத்தையும் இழுக்காதீங்க, எது முக்கியமோ அத மட்டும் வேற டிஸ்க்குல போடுங்க."

கவியா கல்யாணத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் படங்கள். பெயர்களெல்லாம் வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து தேட டிஸ்க்குக்கு உயிர் இல்லை. அய்யாக்கண்ணு எந்தப் படத்தில் இருந்தார் என்று ஜோதி யோசித்தாள். அவருடைய முகமே அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. ஒரு நாள் முழுக்க அவர் வீட்டுக் கல்யாணத்தைக் கேமரா வழியே பார்த்தவள்! அப்போதுதான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது.

"மேடைக்கு எப்பக்கா வந்தாரு?"

"எங்க வந்தாரு? பந்தியிலதான் கெடந்தாரு. தாரை வாக்க மட்டும் வந்தாரு. நான்தான் தண்ணி ஊத்துனேன்."

முகூர்த்த நேரத்தை வைத்து அந்தப் படங்களை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தாள். சுவிட்சைப் போட்டாள். டிஸ்க் வந்தது. படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. சம்பூர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பத்துப் பன்னிரண்டு படங்கள் வந்திருக்கும், உள்ளே ஏதோ கீச்சென்று உரசியது. அத்தோடு சத்தமே இல்லை.

வந்தவற்றைத் திறந்தாள். தாரை வார்க்கும்போது எல்லா போட்டோகிராபரும் செய்வதைத்தான் அவளும் செய்திருந்தாள். மகளின் கை, மாப்பிள்ளையின் கை, கீழே தாங்கிப் பிடித்த அப்பாவின் கை, மேலே விழும் தண்ணீர். கிட்டப்போய் அழகாக எடுத்திருந்தாள். எல்லாப் படத்திலும் கைகள்தான். ஒன்றில் கூட முகம் இல்லை.

சம்பூர்ணம் திரையில் அந்தக் கையைத் தொட்டாள். கல் விழுந்து நசுங்கிய கட்டைவிரல் நகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அவருதான்" என்றாள். "எனக்கு மூஞ்சி வேணாம் ஜோதி, கண்ண மூடுனா தெரியும். கவியா முழுவாம இருக்கா. அந்தப் புள்ளைக்கு எதக் காட்டுவேன்? ஆதார் கார்டக் காட்டி, இதாண்டா ஒங்க தாத்தான்னு சொல்லவா?"

ஜோதி கைப் படத்தையே பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்துக் கொடுத்தாள். சென்னையில் டிஸ்க்கைப் பிரித்துப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது, கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டார்கள் என்றான் ஜெயசீலன்.

மறுநாள் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு ஜெயங்கொண்டத்தில் சென்னை பஸ் ஏறினாள். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அதைத் தூக்கிக் கையில் தாங்கிக்கொண்டாள். "மெதுவாப் போங்கண்ணே" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். "உள்ள என்னம்மா, முட்டையா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஒருத்தரோட மூஞ்சிங்க" என்றாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.