மெஷினை அணைத்தவள்

பூதலிங்கத்துக்கு நுரையீரல் கெட்டதில் தாணம்மாளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மயிலாடியில் முப்பத்தைந்து வருஷம் சிலை கொத்தினவர். மூக்கில் துணி கட்டச் சொன்னால், நான் என்ன பொம்பளையா என்பார். உள்ளே போன கல்தூசி உள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு வருஷமாக மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். இரவும் பகலும் அது உறுமும், கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் புஸ் என்று காற்று விடும். குழாயைக் கழற்றினால் கக்கூஸ் வரை போய்வருவார். அதற்குமேல் உதடு நீலம் பாரித்துவிடும்.

தாணம்மாள் அஞ்சுகிராமத்துக்காரி. கட்டிக்கொடுத்த நாள் முதல் அவரிடம் அவள் வாங்கியது அடியும் ஏச்சும்தான். சோறு ஆறியிருந்தால் தட்டு பறக்கும். ஒருமுறை சுத்தியல் காம்பால் அடித்ததில் இடக்கைச் சுண்டுவிரல் ஒடிந்தது. அது இன்றும் மடங்காது. பிள்ளை இல்லை. நாற்பது வயதுக்குமேல் நாகர்கோவிலில் ஹோம் நர்ஸ் பயிற்சிக்குப் போய், வசதியான வீட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சம்பாதித்தாள். புண் வராமல் ஆளைப் புரட்டிப் போடவும், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு பார்க்கவும் அங்கே படித்தாள். புருஷன் விழுந்ததும் அதே வேலையை வீட்டில் சும்மா செய்தாள். அவளும் புண்ணியவதி இல்லை. தண்ணீர் கேட்டால் கொடுப்பாள். ஆனால் இன்னொரு தரம் கேட்கட்டும் என்று நிற்பாள்.

அப்படி இருக்கையில்தான் எட்சன் வந்தான். மார்த்தாண்டத்துப் பையன், வெளிநாடு போய்த் தாளவாத்தியம் படித்தவன். மிருதங்கம் தவில் என்று நினைக்க வேண்டாம். இரும்புக் குழாய், பூந்தொட்டி, தகரம், மரக்கட்டை என்று ஒலிக்கிற எதையும் வரிசையாக வைத்து, எழுதிவைத்த குறிப்பைப் பார்த்துத் தட்டுகிற நவீன சங்கீதம். அவன் வாசித்து வெளிவந்த ரெக்கார்டு ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினான். ஒரு தட்டு கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று தாணம்மாள் நினைக்கையில் இன்னொரு தட்டு. இடையில் வரும் அமைதிதான் இதில் பாட்டு என்று எட்சன் விளக்கினான். அடுத்த ரெக்கார்டு முழுவதும் கல்லிலேயே வாசிக்க ஆசை. நல்ல கல் வேண்டும் என்றான்.

பூதலிங்கம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சிலைக்கு அடியில் கொத்தினவன் பேரைப் போடமாட்டார்கள். ரெக்கார்டு அட்டையில் பேர் போடுவதாக எட்சன் சொன்னதும் மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் பட்டறையில் கிடந்த கருங்கல் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்லித் தட்டிப் பார்த்தார். மணிபோல ஒலித்தவற்றை மட்டும் பலகையாக அறுக்கவைத்து, கயிற்றின்மேல் அடுக்கவைத்தார். கல்லைத் தருவதற்கு ஒரே நிபந்தனை: பெரிய கல்லை அவர்தான் அடிப்பார். எட்சனுக்கு அதில் சந்தோஷம்தான். கொத்தினவர் கையாலேயே அடித்தது என்றால் அட்டைக்கு நல்ல படம்.

ஒலிப்பதிவு செய்ய சிஜோ என்பவன் வந்தான். பூதலிங்கத்தையும் மெஷினையும் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பட்டறையில் மைக்குகளை நட்டு, காதில் ஹெட்போன் மாட்டியதும் முதலில் அவன் கைகாட்டியது மெஷினைத்தான். மெஷினுக்குப் பதிலாகத் தாணம்மாள் ஆக்சிஜன் சிலிண்டர் வரவழைத்தாள். அதில் மாட்டிய தண்ணீர்க் குப்பியில் குமிழி கேட்கிறது என்றான். குப்பியைக் கழற்றினாள். குழாயில் காற்று சீறுகிறது என்றான். துண்டு துண்டாக எடுத்து ஒட்டக்கூடாதா என்று கேட்டாள். அமைதியை ஒட்டுப்போட்டால் தெரிந்துவிடும், பத்து நிமிஷத்தையும் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும் என்றான் எட்சன்.

சரி, ஆக்சிஜன் அளவு எழுபத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் மெஷினைப் போடுவேன் என்று சொல்லிவிட்டு, விரல் கருவியை அவருக்கு மாட்டி, மெஷினை அணைத்தாள். பாதி வாசிப்பிலேயே எண் இறங்கிவிட்டது. உதடு கறுத்தது. எட்சன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணைத் தன் குறிப்புத்தாளுக்குத் திருப்பிக்கொண்டான். தாணம்மாள் சுவிட்சைப் போட்டாள். மெஷின் பீப் என்று கத்தி உறுமத் தொடங்கியது. எடுத்தது வீணாயிற்று.

மூச்சு திரும்பியதும் பூதலிங்கம் நிதானமாகவே பேசினார்.

"ஏட்டி, நீ என்னைக் காப்பாத்துகேண்ணு ஊரு நினைச்சிட்டிருக்கு. எனக்குத் தெரியும். தண்ணிக்கு நான் உன்கிட்ட கெஞ்சணும், மூத்திரத்துக்குக் கெஞ்சணும். அதைப் பாக்கத்தானே என்னைச் சாவவிடாம வச்சிருக்க."

சிஜோ குனிந்து வயரைச் சரிபார்த்தான். முழுப்பொய்யாக இருந்தால் தாணம்மாள் சிரித்திருப்பாள். பாதி நிஜம். அந்நியர் இரண்டுபேர் முன்னால் சேலையை உருவியதுபோல இருந்தது அவளுக்கு.

"இந்தச் சவத்தை ஆஃப் பண்ணுட்டி. நான் சொல்லுகேன். இந்தப் பயலுவ சாட்சி."

எட்சன், "உங்க இஷ்டம்தான் அம்மா, நான் ஒண்ணும் வற்புறுத்தமாட்டேன்" என்றான். வாசிக்கும் கோல்கள் அதற்குள் அவன் கையில் இருந்தன.

அவள் அணைத்தாள். விரல் கருவியையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கல் பேசியது. நன்றாகவே இருந்தது, இல்லை என்றால் பொய். கடைசி அடி அவருடையது. வரவேண்டிய நேரத்தைத் தாண்டி, இனி வராது என்று அவள் எழும்போது வந்தது. அதன் ரீங்காரம் முற்றாக அடங்கும்வரை சிஜோ கையை உயர்த்தி எல்லோரையும் அசையாமல் நிறுத்தினான். பூதலிங்கம் அந்தக் கல்மேலேயே கவிழ்ந்துகிடந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பினார். காற்று இல்லாமல் மூளை அடிபட்டுவிட்டது, இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர். பூதலிங்கத்துக்குப் பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை. சம்பளத்துக்கு வந்த நர்ஸ் என்று நினைத்து, வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசினார். கல்யாணமான காலத்திலிருந்து கேட்காத மரியாதை. வந்து பார்த்தவர்களிடம் எல்லாம் ஒரே கதை: "எம் பொண்டாட்டி மெஷினை ஆஃப் பண்ணி என்னைக் கொல்லப் பாத்தா. இந்த நர்சம்மாதான் காப்பாத்தினா."

அவருடைய தங்கை முத்துக்கனி அதை அப்படியே தெருவுக்குக் கொண்டுபோனாள். அவர் அவளுக்குக் கொடுத்த அடியெல்லாம் அறிந்தவர்கள்தான் ஊர்க்காரர்கள். அதனால் இன்னும் சுலபமாக நம்பினார்கள். தாணம்மாளை வேலைக்கு அழைத்துக்கொண்டிருந்த நாகர்கோவில் வீடுகளிலிருந்து போன் வருவது நின்றது.

மாதங்கள் கழித்து எட்சன் ரெக்கார்டோடு வந்தான். அட்டையில் பூதலிங்கம் பேர் பிழையில்லாமல் இருந்தது. அந்தக் கடைசி அடியின் தாமதத்தை வெளிநாட்டில் பெரிதாகப் பாராட்டுகிறார்களாம். தாணம்மாள் அவனை வாசலிலேயே நிறுத்தி, தனக்கு வேண்டியதைக் கேட்டாள்.

"தம்பி, அணைக்கச் சொன்னது அவருதானே. அந்தப் பேச்சும் பதிஞ்சிருக்கும்லா. அதை முத்துக்கனிக்குப் போட்டுக் காட்டணும்."

எட்சன் கொஞ்சநேரம் அட்டையைத் தடவினான். "முதல் கல்லுக்கு முன்னால உள்ளதை எல்லாம் சிஜோ வெட்டி அழிச்சாச்சு அம்மா. அது சங்கீதம் இல்லைலா."

"அப்போ நீயே வந்து சொல்லு. சாட்சிண்ணு உன்னையத்தானே சொன்னாரு."

அவன் வரமுடியாததற்குக் காரணம் சொன்னான். ரெக்கார்டுக்காக நோயாளியின் குழாயைப் பிடுங்கினான் என்று பேச்சு வந்துவிடும். அடுத்த மாதம் கச்சேரி இருக்கிறது. அம்மா புரிந்துகொள்ள வேண்டும். ரெக்கார்டை அவள் கையில் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, காரில் ஏறினான்.

உள்ளே கட்டில் முனகியது.

"நர்சம்மா, வாசல்ல யாரு? அவளா?"

"இல்லை," என்றாள் தாணம்மாள். "அவ இனி வரமாட்டா. அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க, முதுகைத் துடைக்கணும்."